காட்டுப்பன்றிக்கு ஒரு கொத்து மெசின்

1

மன்னாரிலிருந்து என் சிநேகிதி ஜசிந்தா போன கிழமை தொலைபேசியில் பிடித்தாள். சுகம் விசாரித்து முடித்ததும் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"ரீற்றா, நீ அங்கை போய் இந்தத் தையோட இருபத்துநாலு வருசம். உண்மையைச் சொல்லடி, அங்கை என்னதான் வாங்கினனி?"

அவள் கேட்டது காணியா, வீடா, நகையா என்று. கள்ளி, எனக்குத் தெரியாதா அவளை! நானும் விடவில்லை. "இறைச்சி கொத்துற மெசின் ஒண்டு வாங்கினன்" என்றேன்.

அவள் அதைப் பகிடி என்று எடுத்துச் சிரித்தாள். பிறகு, "வேற?" என்றாள்.

வேறும் ஒன்று வாங்கினேன். ஆனால் அதைத் தொலைபேசியில் ஒரு சொல்லில் சொன்னால் அவளுக்கு விளங்காது. "எழுதி அனுப்புறன், ஆறுதலாய் வாசி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் இது. ஜசிந்தாவுக்கு என்று தொடங்கினாலும் ஊரில் இருக்கிற எல்லாரும் வாசியுங்கள். பெருமையடிக்கத்தான் எழுதுகிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பலெர்மோவில் சீசா பகுதியில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. என் மனிசன் சேவியர் அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவர். நான் கால்சாவில், கடற்கரைக்குக் கிட்ட, எல்வீரா சிஞ்ஞோரா என்ற வயதான அம்மாவின் வீட்டில் பத்து வருடமாகச் சமையல், துப்புரவு இரண்டும் செய்கிறேன். எங்கள் சமையலறை மேசையில் இரண்டு பேர் இருந்தால் மூன்றாமவர் நிற்க வேண்டும். அந்த மேசையின் அரைவாசியை இப்போது இந்த மெசின் பிடித்திருக்கிறது. சேவியர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடிதான் குடிக்கிறார். ஒரு முறைப்பாடும் இல்லை. ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில் வரும்.

2

எங்களுக்கு ஒரே மகள், நிரோஷி. இங்கே பிறந்தவள். தமிழில் கேட்டால் இத்தாலியனில் பதில் சொல்லுவாள், அதுவும் பலெர்மோச் சந்தைக்காரர் மாதிரி கடைசி எழுத்தை இழுத்து. நான் ஏசினால் மட்டும் தமிழில் திருப்பி ஏசுவாள். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். அவள் சால்வோ என்ற பெடியனை விரும்பினாள். மின்சார வேலை செய்கிற, நல்ல, அடக்கமான பிள்ளை. வருகிற பாஸ்குவா, அதாவது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கலியாணம் என்று முடிவாயிற்று.

நத்தாருக்கு இரண்டு கிழமைக்கு முன் சால்வோவின் தாயும் தகப்பனும் முதல்முதலாய் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தகப்பன் பெயர் கலோஜெரோ, தாய் பினா. மடோனியே மலைப்பக்கத்து ஆட்கள். கலோஜெரோ வேட்டைக்காரர். வந்தவர் சும்மா வரவில்லை. ஒரு பெரிய நீலப் பையை மேசையில் தொப்பென்று வைத்தார். உள்ளே சிங்கியாலே, அதாவது காட்டுப்பன்றி. ஒரு பின்னங்கால் முழுசாய், ஒரு தோள் முழுசாய்.

நானும் சேவியரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மடுக்காட்டுப் பக்கமிருந்து வேட்டை இறைச்சி வரும் நாட்கள் எங்கள் இருவருக்குமே தெரியும். மன்னாரில் என் அப்பா அதை வாங்கி வந்தால் தெருவுக்கே வாசம் போகும். இதைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் கலோஜெரோ கலியாணச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

மலையில் அவர்கள் ஊர் மண்டபம். அவர்கள் ஊர்ச் சமையல்காரர். பாஸ்தா, வாட்டின ஆட்டிறைச்சி, ரிக்கொத்தா போட்ட கேக். எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

"சிஞ்ஞோரா ரீற்றா, நீங்கள் வருசம் முழுக்க மற்ற ஆக்களுக்கு வேலை செய்யிறியள். அண்டைக்கு வந்து வடிவாய் இருங்கோ, காணும்" என்றார். மனிதர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

"எங்கடை பக்கத்துச் சாப்பாடு ஒரு தட்டு வைப்பம். கட்லட், ரோல்ஸ், ஏதாவது ஒண்டு" என்றேன்.

அவர் தலையைச் சரித்துச் சிரித்தார். "எங்கடை சனம் உறைப்புச் சாப்பிடாது, சிஞ்ஞோரா."

நான் மகளைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் குனிந்து மேசைத் துணியின் நூலை இழுத்துக்கொண்டு, "லாஷா ஸ்தாரே, அம்மா" என்றாள். விடுங்கோ என்று அர்த்தம். பெற்று, பள்ளிக்கூடம் அனுப்பி, பல் வைத்தியரிடம் வேலைக்கு வைத்த பிள்ளை, தன் கலியாண மேசையில் தாயின் கைச்சமையல் ஒரு தட்டு இருக்க வேண்டும் என்று வாய் திறக்கவில்லை.

பினாவுக்கு என் முகம் விளங்கியிருக்க வேண்டும். மூவிராசாக்கள் திருநாள் முடிந்து வருகிற ஞாயிறு மத்தியானம் திரும்பவும் வருவோம், சேர்ந்து சாப்பிடுவோம் என்றா. கலோஜெரோ பையைத் தட்டிக் காட்டிப் பகிடி விட்டார்.

"அண்டைக்கு இந்த இறைச்சியில ஏதாவது செய்யுங்கோ. பினா ரெண்டாம் தரமும் எடுத்துச் சாப்பிட்டால், கலியாண மேசையில ஒரு தட்டு உங்களுக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

3

அந்தப் பன்றியோடு ஒரு கடதாசியும் வந்தது. இங்கே காட்டுப்பன்றியைச் சுட்டவுடன் சமைக்க முடியாது. தசையில் ஒரு துண்டு வெட்டி மிருக வைத்தியரிடம் கொடுத்து, புழு இருக்கிறதா என்று பார்ப்பித்து, முத்திரை குத்தி வாங்க வேண்டும். அவர்கள் போன பிறகு சேவியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடதாசியை வாசித்தார். "எசித்தோ நெகத்தீவோ" என்று இருந்தது. மனிசனின் முகம் கறுத்துவிட்டது.

"எறியுமப்பா உதை. நெகத்தீவோவாம்."

அவரில் பிழை இல்லை. இந்த நாட்டில் நாங்கள் முதல்முதல் படித்த இத்தாலியன் சொற்களில் அதுவும் ஒன்று. பெர்மெசோவுக்கு, அதாவது இங்கே தங்கியிருக்கிற அனுமதிக்கு, நாங்கள் கொடுத்த முதல் விண்ணப்பத்தில் ஒரு கடதாசியை வைக்க மறந்துவிட்டோம். குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்று வாங்கிய பதிலில் இதே இரண்டு சொல்தான் இருந்தது. அன்றிலிருந்து நெகத்தீவோ என்று கண்டால் அவர் மிச்சத்தை வாசிக்க மாட்டார்.

"அப்பா, கொரோனாவுக்கு நெகத்தீவோ எண்டால் நல்லம்தானே!" என்று நிரோஷி கத்தினாள்.

"அது சளிக்குப் பிள்ளை. இது கடதாசிக்கு" என்றார் சேவியர். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புழு இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம் என்று விளக்கி, அவர் கையிலிருந்து பையைப் பறிக்க வேண்டியதாயிற்று. பன்றிக்கு மூன்று நாளில் கடதாசி கிடைத்திருக்கிறது. எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பன்றியில் கொஞ்சம் எரிச்சல்தான்.

கட்லட் செய்ய முடிவெடுத்தேன். கட்லட்டுக்கு இறைச்சி சின்னதாக வேண்டும். ஆட்டிறைச்சி என்றால் அவித்து உதிர்க்கலாம். காட்டுப்பன்றி அப்படி உதிராது. ஓடித் திரிந்த மிருகம், நாரும் சவ்வுமாய் இருக்கும். எங்களிடம் கொழும்பிலிருந்து சூட்கேசில் கட்டிக்கொண்டு வந்த கிரைண்டர் ஒன்று இருக்கிறது. தேங்காய், செத்தல், உளுந்து எல்லாவற்றையும் அரைக்கிற சூரன். அதற்குள் கொஞ்ச இறைச்சியைப் போட்டு அமத்தினேன். திறந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு களி. தொட்டால் சூடு. வாசமே மாறிப் போயிருந்தது.

நிரோஷி கரண்டியால் கிண்டிப் பார்த்தாள். "இது பத்தே, அம்மா. பாணுக்குப் பூசலாம்."

அவளுக்குப் பகிடி. எனக்கு அழுகை வந்தது. மிச்ச இறைச்சியைப் பிறீசருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, சரியான மெசின் ஒன்று வாங்கியே தீருவது என்று நின்றேன்.

4

இறைச்சி மெசினைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை என்று நினைத்தேன். இருபது வருடத்தில் மூன்று வீடுகளில் மூன்று விதமான மெசின்களைக் கழுவியிருக்கிறேன். இத்தாலியனில் அதற்குப் பெயர் திரித்தாகார்னே. கார்னே என்றால் இறைச்சி. திரித்தா என்று முதல் நாள் கேட்டபோதே எனக்குச் சந்தோஷம். திரிகைக் கல்லில் பயறு திரிக்கிறோம், உளுந்து திரிக்கிறோம், இவர்கள் இறைச்சி திரிக்கிறார்கள். திரித்த கார்னே! ஒரு சொல்லாவது சொல்லித் தராமலே விளங்கியது என்று ஊருக்குக்கூட எழுதினேன். அந்தச் சந்தோஷம் பின்னால் எனக்கு வைத்த ஆப்பை இப்போது சொல்ல மாட்டேன்.

எல்வீரா சிஞ்ஞோராவிடம் இருப்பது கையால் சுற்றுகிற பழைய இரும்பு மெசின். விஷயத்தைக் கேட்டதும், "கொண்டு போ, ரீற்றா" என்று உடனே தந்தா. பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அது மேசை விளிம்பில் திருகிப் பூட்டுகிற வகை. எங்கள் மேசையின் விளிம்பு அதன் வாய்க்குள் போகவில்லை. சேவியர் யன்னல் கட்டில் பூட்டிப் பார்க்கலாம் என்றார். மூன்றாம் மாடி யன்னலில் காட்டுப்பன்றி சுற்றினால் கீழே போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அடுத்த நாளே சிஞ்ஞோராவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

மா குழைக்கிற மெசினில் கொழுவுகிற வாய் ஒன்று விற்கிறார்கள். முன்பு ஒரு வீட்டில் அதைக் கழுவியிருக்கிறேன். கோழிக்குச் சரி. நார் சுற்றினால் நின்றுவிடும். பிளாஸ்டிக் உடம்பும் பெட்டியில் பெரிய பெரிய வாட் கணக்கும் போட்ட மெசின்களும் உண்டு. அலுமினிய வாய் உள்ளதை நான் தொடவே மாட்டேன். ஒருமுறை தெரியாமல் ஒன்றைப் பாத்திரம் கழுவுகிற மெசினுக்குள் போட்டு, அது கரிச்சட்டி மாதிரிக் கறுத்து வெளியே வந்து, அந்த வீட்டுக்காரி என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

முதலில் வீட்டுக்குக் கிட்ட உள்ள மின்சாமான் கடைக்குப் போனேன். மெசினில் இறைச்சி வெளியே வருகிற ஓட்டைத் தட்டுக்கு பியாஸ்திரா என்று பெயர். அந்தத் தட்டுத்தான் முக்கியம் என்று எனக்குத் தெரியும். ஆகவே கெட்டிக்காரத்தனமாய், "நல்ல பியாஸ்திரா வேணும், இரும்பில, பெரிய ஓட்டையோட" என்று கேட்டேன். அந்தக் கடைப் பெட்டை என் சுருட்டைத் தலையை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய்த் தலைமயிர் நேராக்குகிற இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்கும் பியாஸ்திரா என்றுதான் பெயராம். ஓட்டை வைத்தது மட்டும் தங்களிடம் இல்லை என்று மன்னிப்பும் கேட்டாள்.

கடைசியில் எல்வீரா சிஞ்ஞோரா வழி சொன்னா. ஒரேத்தோப் பக்கம் இறைச்சிக் கடைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடை. நடத்துவது ஒரு பெண். சிவப்பு உதட்டுச் சாயம், வாயில் அணைந்த சிகரெட். ஒரு வாங்கோ இல்லை, இருங்கோ இல்லை, நேரே மூன்று கேள்வி.

"என்ன இறைச்சி? எவ்வளவு? வீட்டு மீற்றர் எத்தினை?"

காட்டுப்பன்றி என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சரியான வேலைக்காரி மாதிரி விளக்கினாள். பெட்டியில் எழுதியிருக்கிற வாட்டைப் பார்க்காதே. வாய் எவ்வளவு அகலம், தலை உருக்கா, கத்தி உருக்கா என்று பார். நார் சுற்றினால் பின்பக்கமாய்ச் சுற்ற ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு மூன்று கிலோவாட் மீற்றருக்கு மிகப் பெரியது வேண்டாம், பன்னிரண்டாம் நம்பர் போதும். பெரிய ஓட்டைத் தட்டு ஒன்று, சின்ன ஓட்டைத் தட்டு ஒன்று. இறைச்சியையும் மெசின் தலையையும் அரை மணித்தியாலம் பிறீசரில் வைத்து எடுக்க வேண்டும்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "பூட்டத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இருபது வருசமாய் எனக்கு உதுதான் வேலை" என்றேன். அவளும் தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டினாள்.

பாருங்கள், பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இருபது வருடமும் நான் செய்தது கழற்றினதும் கழுவினதும் துடைத்தடுக்கினதும்தான். பூட்டினது எப்போதும் அந்தந்த வீட்டுச் சிஞ்ஞோராக்கள். கத்தி கையை வெட்டிவிடும் என்று என்னை விடமாட்டார்கள். அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

5

அவர்கள் வருவது ஞாயிறு. சனி மத்தியானம் வேலையால் வந்ததும் தொடங்கினேன். வெள்ளைச் சவ்வை உரித்தேன். குண்டின் துகள் ஏதும் கிடக்கிறதா என்று ஒவ்வொரு துண்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். காட்டுப்பன்றியில் கொழுப்புக் காணாது என்று வளர்ப்புப் பன்றிக் கொழுப்புக் கொஞ்சம் வாங்கிச் சேர்த்தேன். கடைக்காரி சொன்னபடி அரை மணித்தியாலம் பிறீசரிலும் வைத்தேன். மெசினைப் பூட்டினேன், ஓட்டினேன்.

திரும்பவும் களி!

ஓட்டைகளால் பசை மாதிரிப் பிதுங்கி வந்தது. உள்ளே நார் சுற்றி மெசின் உறுமியது. பின்பக்கம் சுற்றினேன், முன்பக்கம் சுற்றினேன். கேக் வேகுவதற்கு மின்சார அடுப்பும் போட்டிருந்தேன். பட்டென்று வீட்டில் எல்லா மின்சாரமும் நின்றது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். நாளைக்கு அந்த மனுசி ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைப்பா. கலோஜெரோ அன்பாய்ச் சிரிப்பார். என் பிள்ளை மேசைத் துணியின் நூலை இழுப்பாள். பிறகு சாகும்வரை நான் விருந்தாளி, என் மகளின் கலியாணத்திலும் விருந்தாளி. இதுதான் என் மனதில் ஓடியது.

சேவியர் படிக்கட்டு வேலை முடித்து வாளியோடு வந்தார். கீழே இறங்கிப் போய் மீற்றரைப் போட்டுவிட்டு வந்து, "என்னப்பா, ஏன் அழுகிறீர்?" என்றார்.

"திரிபடுதில்லை!" என்று கத்தினேன். "எல்லாம் சரியாய்த்தான் வைச்சனான், இறைச்சி திரிபடுதில்லை!"

என் மனிசனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே வருவதற்கு முன் வவுனியா பஸ் நிலையத்தடியில் ஆறு வருடம் கொத்து ரொட்டி போட்டவர். இரண்டு தகட்டுக் கத்தியும் அவர் கையில் இருந்தால் றோட்டால் போகிற பஸ் நிற்கும் என்று அவர் கூட்டாளிமார் சொல்லுவார்கள். இங்கே வந்தபின் அதைப் பற்றி அவர் கதைப்பதே இல்லை. படிக்கட்டுக் கழுவுகிறவரிடம் யாரும் கேட்பதும் இல்லை.

அவர் மெசினின் வளையத்தைக் கழற்றினார். தட்டை எடுத்தார். நாலு கை விரித்த கத்தியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை ஏன் இந்தப் பக்கம் வைச்சனீர்?"

"வளைஞ்ச பக்கம்தானே பல்லு மாதிரி இருக்கு. திரிகைக்கும் கொத்தின பக்கம்தானே உள்ளுக்கு நிக்கும்? வளையத்தையும் இளக்கி விட்டனான், கல்லுச் சுத்த இடம் வேணுமெல்லோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டு எவ்வளவோ காலம்.

"விசரி, உதுக்குள்ளை எங்கை கல்லு? உதுக்குள்ளை இருக்கிறது கத்தி. கத்தி எண்டால் திரிக்காது. கொத்தும்."

"இவங்கள் திரித்தா எண்டுதானே சொல்லுறாங்கள்?"

"அது இவங்கடை திரித்தா. வெட்டுறதுதான். இஞ்சை பாரும்." கத்தியின் தட்டையான பக்கத்தைத் தட்டோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். "கொத்துத் தகட்டிலை கத்தி எப்பிடி நிக்கும்? சீவினாப்போல தட்டையாய் நிக்கோணும். ஒரு நூல் இடைவெளி விட்டாலும் ரொட்டி வெட்டுப்படாது, நசியும். உம்மடை கத்தி நசிச்சுக்கொண்டு நிண்டிருக்கு."

கத்தியைத் திருப்பிப் போட்டார். பெரிய ஓட்டைத் தட்டை வைத்தார். வளையத்தைக் கையால் இறுக்கினார். நான் மெசின் தலையையும் மிச்ச இறைச்சியையும் திரும்பவும் பிறீசரில் வைத்து எடுத்தேன். அடுப்பை நிற்பாட்டிவிட்டு, சுவிட்சை அவரே போட்டார்.

ஐயோ, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சிவப்பு வேறு, வெள்ளைக் கொழுப்பு வேறாய், ஒவ்வொரு துளையாலும் தனித்தனியாய், குளிர்ந்தபடி, உதிரி உதிரியாய் இறங்கி வந்தது. விரலால் எடுத்தால் ஒட்டவில்லை. நான் சந்தோஷத்தில் அவர் முதுகில் ஒரு அடி போட்டேன். அவர் மெசினின் சத்தத்துக்கு ஏற்றபடி மேசையில் இரண்டு கரண்டியால் கொத்துத் தாளம் போட்டார். நிரோஷி அறையிலிருந்து ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"அப்பா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?"

"உன்ர அப்பா ஆறு வருசம் கொத்துப் போட்டவரடி. உனக்கென்ன தெரியும்!" என்றேன். அவள் தகப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து தானும் ஒரு கரண்டியை எடுத்தாள். தாளம் அவளுக்கு வரவில்லை, ஆனால் விடவும் இல்லை.

6

ஞாயிறு மத்தியானம் அவர்கள் மூவரும் வந்தார்கள். சாப்பாட்டறையில் மடக்கு மேசையை விரித்து, கட்லட் ஒரு தட்டு, ரோல்ஸ் ஒரு தட்டு வைத்தேன். தேசிக்காய்ப் பாதி, பச்சை இலைக் கறி. செத்தலைக் குறைத்து மிளகைக் கூட்டியிருந்தேன். பெருஞ்சீரகத்தை வறுத்து இடித்துப் போட்டிருந்தேன்.

பினா ஒரு கட்லட்டை எடுத்து உடைத்தா. மணந்தா.

"ஃபினோக்கியெத்தோ?" என்றா. பெருஞ்சீரகத்துக்கு அவர்கள் சொல்கிற பெயர். அவர்கள் சொசேச்சுக்கும் அதைத்தான் போடுகிறார்கள். ஓம் என்றேன். கடித்தா, மென்றா. நான் தேசிக்காய் வெட்டுகிற மாதிரி நின்று அவவின் வாயையே பார்த்தேன். ஒன்று முடிந்தது. கை தட்டுக்குப் போனது. இரண்டாவதை எடுத்தா! பிறகு மூன்றாவது. சால்வோ எண்ணிக்கை தவறும்வரை தின்றான்.

கலோஜெரோ ஒரு துண்டைக் கரண்டியில் வைத்துக் கிட்டப் பார்த்தார். "சிஞ்ஞோரா, இது நல்லாய் மசிச்ச இறைச்சி இல்லையே. என்னத்தால அரைச்சியள்?"

எனக்குத் தலைகால் தெரியவில்லை. "இது அரைச்சதில்லை. இது கொத்து!" என்றேன்.

அவர் முழித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "கொத்துத்தான், வேற என்ன! பச்சையாய் ஆர் தின்னுவினம்?"

அவர்கள் மலைப் பேச்சில் கொத்து என்றால் வெந்தது என்று அர்த்தமாம். நான் பெருமையாய் நிமிர்ந்து நின்று, இந்தக் கட்லட் வெந்தது என்று அறிவித்திருக்கிறேன்! எல்லாரும் சிரிக்க, என் காது சூடாயிற்று. கெதியாய்த் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடலாமா என்று திரும்பினேன்.

"இல்லை" என்று ஒரு குரல். நிரோஷி எழும்பி நின்றாள். முகம் சிவந்திருந்தது. "சிஞ்ஞோர் கலோஜெரோ, அது உங்கடை கொத்து. அம்மா சொன்னது எங்கடை கொத்து. அது தமிழ்ச் சொல்லு. K போட்டு எழுதோணும்."

மேசையிலிருந்து இரண்டு கத்தியை எடுத்தாள். வெறும் தட்டில் ஒரு துண்டுப் பாணை வைத்து இரண்டு கையாலும் டக்கு டக்கு என்று கொத்தினாள். தாளம் இன்னும் பிழைதான். பாண் துள்ளி சால்வோவின் மடியில் விழுந்தது. "நசிக்கிறேல்லை, அரைக்கிறேல்லை. கத்தியால. அப்பா ஆறு வருசம் இந்த வேலை செய்தவர். இந்த இறைச்சியை மெசினில கொத்த வைச்சவர் அவர்தான்." இத்தாலியனில்தான் சொன்னாள். ஆனால் கொத்து என்ற சொல்லை மட்டும் தமிழில் சொன்னாள், இழுக்காமல், திருத்தமாய்.

சேவியர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கண் கலங்கினதை நான் கண்டேன். எனக்கும் கலங்கியது, சொல்ல என்ன வெட்கம்.

கலோஜெரோவின் சிரிப்பு நின்றது. "ஆ, புந்தா தி கொல்த்தெல்லோ!" என்று மேசையில் தட்டினார். கத்தி முனையால் வெட்டினது என்று அர்த்தம். அவர்களிடமும் அது இருக்கிறதாம். சொசேச்சுக்கு இறைச்சியை அரைக்காமல் கத்தியாலேயே சின்னதாய் வெட்டுவதுதான் உயர்ந்த வகையாம். இப்போது யாருக்கும் பொறுமை இல்லை, எல்லாரும் மெசினில் நசிக்கிறார்கள் என்று பினாவைப் பார்த்தார். பினா நாலாவது கட்லட்டால் அவருக்குப் பதில் சொன்னா.

பிறகு மெசினைப் பார்க்க வேண்டும் என்று சமையலறைக்கு வந்தார். வளையத்தைக் கழற்றிக் கத்தியைத் தடவி, தட்டையான பக்கம் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். "இதை ஆர் பூட்டினது?"

சேவியர் வாய் திறக்கு முன் நான் சொன்னேன்: "என்ர மனிசன். நான் கழுவுறன், அவர் பூட்டுறார்."

அவர் சேவியருக்குக் கை கொடுத்தார். நின்றபடியே இரண்டு பேரும் கத்தியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். என் மனிசன் இத்தாலியனில் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதே இல்லை.

உள்ளே பினா என் கையைப் பிடித்து இருத்தினா. "கலியாணத்துக்கு நூற்றிநாற்பது பேர் வருவினம். இது எத்தினை செய்யலாம், ரீற்றா?" என்றா. சிஞ்ஞோரா இல்லை, ரீற்றா. நான் நூற்றிநாற்பது பேருக்கும் செய்வேன் என்றேன். நிரோஷி பின்னால் வந்து என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு, "ரெண்டு தட்டு, அம்மா. ஒண்டு காணாது" என்றாள்.

7

இதெல்லாம் முடிந்து இரண்டு கிழமை. போன கிழமை, ஜசிந்தா, நீ என்னைத் தொலைபேசியில் பிடிப்பதற்கு முதல் நாள், சால்வோ ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தான். தகப்பன் கலியாணத்துக்காக அனுப்பின இறைச்சி. எலும்பு எடுத்து, சவ்வு உரித்து, பிறீசர் பைகளில் பிரித்துக் கட்டியிருந்தார். மேலே அந்த வைத்தியரின் கடதாசி. சேவியர் அதை வாசித்து, "நெகத்தீவோ! பிரவோ!" என்றார்.

ஒவ்வொரு பையிலும் கறுப்பு மையால் பெரிய எழுத்தில் எதற்கான இறைச்சி என்று எழுதியிருந்தது. வாட்டுவதற்கு, சூப்புக்கு என்று இரண்டு பை எங்கள் வீட்டுச் சமையலுக்கு. மிச்சம் எட்டுப் பையிலும் ஒரே சொல்.

KOTTU.

அந்தத் தடித்த கையெழுத்தை நான் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மாலை வகுப்பில் எங்களுக்கு அரிவரி படிப்பித்தார்கள். இத்தாலியனுக்கு இருபத்தொரு எழுத்துத்தான், அதில் K கிடையாது என்று அந்த ஆசிரியை கரும்பலகையில் அடித்துக் காட்டினா. கலோஜெரோ தங்கள் கொத்து மாதிரி C போட்டு எழுதியிருக்கலாம். யாரும் பிழை பிடித்திருக்க மாட்டார்கள். மனிதர் எட்டுப் பையிலும் K போட்டிருக்கிறார்.

ஒரு பையைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். "வேற?" என்று கேட்டாயல்லவா, ஜசிந்தா? இதுதான் வேற. இவர்களிடம் இல்லாத ஓர் எழுத்தை இவர்களிடமிருந்தே வாங்கியிருக்கிறேன்.